நாயும் பூனையும் இரண்டு தோழிகளும் போதும் என்று தோன்றுவது நோயா?

கேள்வி: எனக்கு வயது 63. சேலத்தில் ஒரு வங்கியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். கணவர் மறைந்த பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவந்தேன். காலையில் நாயை அழைத்துக்கொண்டு நடக்கிறேன், செடிகளைக் கவனிக்கிறேன், மாலையில் அக்கம்பக்கத்துத் தோழிகள் இருவரோடு காபி குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், இரவில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு வானொலி கேட்கிறேன். எனக்கு இது நிறைவாகவே இருக்கிறது. ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் என் மகன், “சுற்றுலாவுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை, எதிலும் ஆர்வமில்லாமல் ஒதுங்கிவிட்டீர்கள், இது மனச்சோர்வுதான், டாக்டரைப் பாருங்கள்” என்கிறான். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அதிகாலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நாய்க்கு 11 வயதாகிவிட்டது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கவலை. நான் மருந்து சாப்பிட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் படித்தவரை, மனச்சோர்வு நோய்க்கு மருந்து தொடங்க வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும், கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது என்பதால், உங்கள் மகனின் சந்தேகத்தை ஒதுக்கித் தள்ளாமல் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் சொல்லும்போது, ஒருவர் எத்தனை இடங்களுக்குப் போகிறார், எத்தனை பேரோடு பழகுகிறார் என்பதை அளப்பதில்லை. முன்பு மகிழ்ச்சி தந்த காரியங்களில் மகிழ்ச்சி வற்றிப்போவது, அல்லது மனம் கனத்துத் துயரத்தில் ஆழ்ந்திருப்பது, இவற்றில் ஒன்றாவது குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நேரம் நீடித்து, அதோடு தூக்கக் குறைவு, பசியின்மை, களைப்பு, கவனச் சிதறல், தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ளுதல், உயிரோடு இருப்பதில் பயனில்லை என்ற எண்ணம் போன்றவற்றில் சிலவும் சேர்ந்து வரும்போதுதான் அது நோய் என்ற கணக்குக்குள் வருகிறது. சுற்றுலாவுக்குப் போக விருப்பமில்லை என்பது இந்தக் கணக்கில் சேராது. சுற்றுலாவில் ஒருபோதும் பெரிய நாட்டம் இல்லாதவர் 63 வயதிலும் அப்படியே இருந்தால், அது அவருடைய இயல்பு. ஆனால் பயணம் என்றால் துள்ளிக் கிளம்பும் சுபாவம் உங்களுக்கு முன்பு இருந்து, அது இப்போது காரணமின்றி மறைந்திருந்தால், உங்கள் மகன் கவனித்திருப்பது உண்மையான ஒரு மாற்றம். உங்கள் பழைய இயல்பு என்ன என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியும்.

ஆகவே சில கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் மாலை தோழிகள் வராவிட்டால், அவர்கள் வரவில்லையே என்று மனம் ஏங்குகிறதா, இல்லை, நல்லவேளை வரவில்லை என்று நிம்மதி அடைகிறதா? நாய்க்குச் சோறு வைப்பதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் விரும்பிச் செய்யும் காரியங்களாக இருக்கின்றனவா, வேறு வழியில்லாத பாரமாகத் தோன்றுகின்றனவா? காபித் தோட்டங்கள் பூத்து மலையெங்கும் மணக்கும்போது அந்த மணம் இன்னமும் உங்களை ஒரு கணம் நிறுத்தி வைக்கிறதா? அமைதியாக வாழ்பவருக்கும் மனச்சோர்வில் இருப்பவருக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவாக இருக்கலாம். இருவரும் வீட்டிலேதான் இருப்பார்கள், இருவரும் குறைவாகத்தான் பேசுவார்கள். ஆனால் முதலாமவருக்கு நாளின் சின்னஞ்சிறு காரியங்களில் சுவை இருக்கும், இரண்டாமவருக்கு அந்தச் சுவை போயிருக்கும். நீங்கள் உங்கள் நாளை விவரித்திருக்கும் விதத்தில் அந்தச் சுவை எனக்குத் தெரிகிறது.

அதிகாலை விழிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனச்சோர்விலும் இப்படி விழிப்பு வருவதுண்டு. வயது கூடும்போது உடலின் உட்கடிகாரம் முன்னோக்கி நகர்வதால், இரவு 9 மணிக்கே தூக்கம் வருவதும் விடிவதற்கு முன்பே விழிப்பதும் பலருக்கு இயல்பு. 9 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள். பகலில் சோர்வு இல்லையென்றால் அது போதும். மாறாக, விழித்த அந்த நேரத்தில் இனம்புரியாத அச்சமும் குற்றவுணர்வும் நெஞ்சை அழுத்தி, பொழுது ஏற ஏற மனம் சற்றே இலேசாகிறது என்றால், அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். எப்படி இருந்தாலும், அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்கள் வயதில் அது இரவில் தடுக்கி விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் வழிவகுக்கும். மலையில் தனியாக இருப்பவருக்கு அது பெரிய ஆபத்து.

வயதானவர்களுக்கு மனச்சோர்வு எப்போதும் சோகமாக வெளிப்படுவதில்லை. உடம்பு வலி, அசதி, மறதி என்றே அது தலைகாட்டுவதுண்டு. இதற்கு நேர்மாறாக, உடலில் உள்ள ஒரு குறை மனச்சோர்வைப் போல வேடமிடுவதும் உண்டு. உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடும் சிலருக்குக் குடல் வைட்டமின் பி12 சத்தை உறிஞ்சுவது குறைந்து, களைப்பு, ஞாபகக் குறைவு, கால் மரத்துப்போதல், மனம் மந்தமாதல் ஆகியவை மெல்ல மெல்ல வருகின்றன. மெல்ல வருவதால் அவரே அதை உணர்வதில்லை. தொலைவிலிருந்து பேசும் பிள்ளைதான் முதலில் உணர்கிறது. எனவே பி12, தைராய்டு சுரப்பிக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பி12 குறைவாக இருந்தால் மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்துவிடலாம்.

உங்கள் மகன் அஞ்சுவதற்கு மாறாக, உங்கள் வாழ்க்கை முறை உடல்நலத்துக்கு நல்லது என்று சொல்ல மருத்துவத்தில் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கி, நூற்றுக்கணக்கான ஆண்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், 50 வயதில் தம் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் கூடுதல் நலத்தோடு இருந்தார்கள் என்பது தெரியவந்தது. இதை முன்கூட்டியே உணர்த்துவதில், அந்த வயதில் இரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட அந்த நிறைவே சிறந்ததாக இருந்தது. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த பகுப்பாய்விலும், உறுதியான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. தினமும் மாலையில் காபியோடு உங்கள் திண்ணைக்கு வரும் இருவர், ஆண்டுக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் பார்த்துக் கையசைக்கும் இருநூறு பேரைவிட உங்கள் உடலுக்குச் செய்வது அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

நாயைப் பொறுத்தவரை, 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்கு வகிக்கும் அதே சுரப்புதான் அது. நாய் வளர்ப்போருக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் சொன்னது. கூடவே, இதயத்துக்காக மட்டும் யாரும் நாய் வாங்கிவிட வேண்டாம் என்றும் சொன்னது. இரண்டாவது வாக்கியமும் முக்கியமானது. இதைப் படிக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் பெற்றோரின் கையில் கேட்காமலே ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

பிராணிகளோடு வாழும் சர்க்கரை நோயாளி என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், பூனையின் கீறல் இருப்பதே தெரியாமல் சீழ் பிடிக்கும். தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறக் கூடாது. உங்கள் நாயே ஆனாலும், தெரு நாயே ஆனாலும், கடித்தாலோ தோல் கீறும்படி பிறாண்டினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவார்கள். இரத்தம் வரும் காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நடக்கும்போது கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம். ஈரமான சரிவில் நாய் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஏற்காட்டில் காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாய் குரைத்து அவற்றைச் சீண்டிவிடும் என்பதால், இருட்டு விலகிப் பனிமூட்டம் கலைந்த பிறகே கிளம்புங்கள்.

நாயின் வயது குறித்த உங்கள் கவலையை நான் சிறியதாக நினைக்கவில்லை. கணவரை இழந்த பிறகு உங்கள் ஒவ்வொரு நாளையும் தொடங்கி வைத்த உயிர் அது. அது போகும்போது வரும் துக்கம் உண்மையான துக்கம். சாப்பாடு இறங்காமலும் தூக்கம் வராமலும் சில வாரங்கள் போகலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த நாளுக்காக இப்போதே செய்யக்கூடியது, காலை நடையை நாயோடு மட்டும் கட்டிப்போடாமல், வாரத்தில் சில நாட்களாவது ஒரு தோழியையும் சேர்த்துக்கொள்வது. நாய் இல்லாமல் போனாலும் நடை நிற்காது. உங்கள் வட்டம் இரண்டு பேரோடு நிற்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒருவர் நோயில் விழுந்தாலோ பிள்ளையோடு ஊர் மாறினாலோ வட்டமே கலைந்துவிடும். உங்களைவிட இருபது வயதாவது இளையவர் ஒருவரும் அதில் இருப்பது நல்லது. அவருடைய குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில்கூட அந்தப் பழக்கம் தொடங்கலாம். வங்கியில் இருந்த உங்களுக்கு அது கைவந்த கலை.

வீட்டுச் சாவி ஒன்று தோழியிடம் இருக்கட்டும். காலையில் இன்ன நேரத்துக்குள் உங்கள் குரல் கேட்காவிட்டால் அவர் வந்து பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் வர வேண்டியிருக்கும் என்பதால், நெஞ்சு வலியோ கை கால் தளர்ச்சியோ வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மார்கழி, தை மாதக் குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். அந்த இரண்டு மாதங்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

மகனிடம் வாதாட வேண்டாம். ஒரு வாரம் விடுப்பு எடுத்து வந்து உங்களோடு தங்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்பும் வருகையில் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனைக்கும் அவரே உடன் வரட்டும், முடிவுகளை அவரும் பார்க்கட்டும். மேலே சொன்ன அடையாளங்களில் எதுவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.