‘பிங்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ‘வேலை முடிஞ்சதும் எனக்கு பிங் பண்ணுங்க’ என்று எங்கள் மேலாளர் அடிக்கடி சொல்வார். ‘பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்’ என்பதன் சுருக்கம்தான் பிங் என்று கல்லூரித் தேர்வில் எழுதியிருக்கிறேன். நண்பரோ அது வெறும் ஒலிக்குறிப்பு என்கிறார். எது சரி? காணாமல்போன மலேசிய விமானம் பற்றிய செய்திகளிலும் ‘பிங்’ வந்ததே, அது வேறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதே சரி. வலையில் இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் நிரலின் பெயர்தான் பிங். மைக் மூஸ் அதை 1983 டிசம்பரில் எழுதினார். அப்போது அவர் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தார். கடலுக்குள் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியைக் கொண்டே பெயர் வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் படித்த விரிவாக்கம் கணினி அறிஞர் டேவ் மில்ஸ் பிற்பாடு சொன்னது. அது பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த விரிவாக்கத்தை மனப்பாடம் செய்த மாணவருக்கு, நிரல் எப்படி வேலை செய்கிறது என்பது பெயரிலேயே இருப்பது தெரியாமல் போகிறது.

சோனார் ‘பிங்’ என்று ஓர் ஒலித்துடிப்பைக் கடலுக்குள் அனுப்பும். நீர்மூழ்கியின் உடலில் பட்டு அது திரும்பி வரும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். எதிரொலி வர 2 நொடி ஆனால், போகவர 3000 மீட்டர். அப்படியென்றால் நீர்மூழ்கி 1500 மீட்டர் தொலைவில் இருக்கிறது. மூஸின் நிரலும் ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை (பாக்கெட்) அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை ஆகும் நேரத்தை அளக்கிறது. அந்தச் செய்திகளுக்கு இன்றும் ‘எக்கோ ரிக்வெஸ்ட்’, ‘எக்கோ ரிப்ளை’ என்றுதான் பெயர். ஆனால் ஒரு வேறுபாடு: நீர்மூழ்கி விரும்பாவிட்டாலும் எதிரொலிக்கும், சர்வர் பதில் சொல்லாமல் இருக்க முடியும். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். எனவே பிங்குக்குப் பதில் இல்லை என்பதை மட்டும் வைத்து ‘சர்வர் டவுன்’ என்று முடிவுகட்டாதீர்கள்.

‘பிங்’ என்ற சொல் இதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டிலேயே துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழித்துப் போகும் ஒலியை ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்கள். அப்புறம் பிங்பாங் வந்தது. 1959இல் கார்ஸ்டன் சோல்ஹைம் செய்த கோல்ஃப் மட்டை, பந்தைத் தட்டும்போது இந்த ஒலியை எழுப்பியதால் அதற்கும் இதே பெயர். உங்கள் மேலாளர் சொல்வது ‘ஒரு வரி செய்தி அனுப்புங்கள்’ என்ற அளவில்தான்.

விமான விஷயத்தில் செய்திகள் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் குறித்தன. ஒன்று, கறுப்புப் பெட்டியோடு இணைந்த ‘பிங்கர்’. நீருக்குள் 37.5 கிலோஹெர்ட்ஸில் அது துடிக்கும். மனிதக் காதுக்குக் கேட்கவே கேட்காது. அந்த விமானத்தில் இருந்தவற்றின் பேட்டரிக்கு ஏறத்தாழ 30 நாள்தான் ஆயுள். இது கூப்பிட்டுக்கொண்டே இருக்குமே தவிர, பதிலை எதிர்பார்ப்பதில்லை.

மற்றது செயற்கைக்கோள் வழியே நடந்தது. ஒரு மணி நேரம் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் தரைநிலையம் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். விமானத்தின் கருவி தானாகவே பதில் தரும். பதில் வர ஆன நேரத்திலிருந்து, செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையே இருந்த தூரத்தைக் கணக்கிட்டார்கள். சோனாரின் கணக்கேதான். ஆனால் தூரம் தெரியுமே தவிரத் திசை தெரியாது. அதனால் வரைபடத்தில் ஒரு புள்ளி கிடைக்காமல் நீண்ட வளைகோடு ஒன்றுதான் கிடைத்தது. 2014 மார்ச் 8 காலை 8.19க்கு, மலேசிய நேரப்படி, கடைசி சிக்னல் வந்தது. அதிலிருந்து வரைந்த வளைகோட்டை ஒட்டித்தான் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கடலடித் தேடல் நடந்தது.