மிஸ்ட், ஃபாக், ஹேஸ்: மூன்றும் மூடுபனிதானா?

வணக்கம். மொழிபெயர்க்கும் கதையில் மிஸ்ட், ஃபாக், ஹேஸ் மூன்றும் வருகின்றன, அகராதியோ எல்லாவற்றுக்கும் ‘மூடுபனி’ என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அகராதியை நம்பாதீர்கள்!

மிஸ்ட், ஃபாக் இரண்டும் நுண்ணிய நீர்த்துளிகள்தாம். வானிலையாளர்கள் பார்வைத் தொலைவைக் கொண்டு பிரிக்கிறார்கள்: 1 கிலோமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் ஃபாக், அதற்கு மேல் மிஸ்ட். ஆகவே ஃபாக்கை மூடுபனி என்றும் மிஸ்ட்டை மென்பனி என்றும் எழுதலாம். ஹேஸ் வேறு இனம். அதில் ஈரமில்லை, தூசும் புகையும்தான். ‘தூசுமூட்டம்’ பொருந்தும்.

சொற்பிறப்பில் எனக்குப் பிடித்தது மிஸ்ட். பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். மங்கல், இருள் என்ற பொருளும் அதற்கு உண்டு. சமஸ்கிருத ‘மேக’ அதற்கு உறவு. அதாவது நாம் கடன் வாங்கிய மேகமும் ஆங்கிலேயரின் மிஸ்ட்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். (ஜெர்மனில் மட்டும் கவனம்: அங்கே மிஸ்ட் என்றால் சாணம்.) ஃபாக் ஸ்காண்டிநேவிய வரவாக இருக்கலாம், டேனிஷ் மொழியில் அதையொத்த சொல்லுக்குக் காற்றில் பறக்கும் பனி என்று பொருள்.

கதை நடப்பது 1880களின் லண்டன் என்கிறீர்கள். அப்படியானால் ‘ஸ்மாக்’ வராது. ஸ்மோக்கையும் ஃபாக்கையும் ஒட்டிச் செய்த அந்தச் சொல் 1905 வாக்கில்தான் பரவியது.