பாலத்துக்கு அந்தப் பக்கம் கச்சேரி: கேட்டவர்களுக்கு ஒரு மைக் செட்காரனின் பதில்

வடசென்னை காலடிப்பேட்டையில் 26 வருஷம் மைக் செட் கடை வைத்திருந்தேன். ஆடி மாசக் கூழ் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண ஆர்கெஸ்ட்ரா, துக்க வீட்டு ராத்திரி கானா, எல்லாத்துக்கும் ஒயர் இழுத்திருக்கிறேன். கடையை மூடின பிறகு செய்கிற ஒரே உருப்படியான வேலை, ஊரில் நடக்கிற கச்சேரிகளுக்குப் போவதுதான். மார்கழி நெருங்குகிறது. எதுக்குப் போகலாம், எப்படிப் போகலாம் என்று நம்ம ஏரியா ஆட்கள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் மொத்தமாகப் போடுகிறேன். நான் பாட்டு வாத்தியார் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டை, ரிட்டயர்டு ஆன ஒருவர்: அண்ணே, சபா கச்சேரின்னா டிக்கெட் ஆயிரக்கணக்கில் இருக்குமே. எனக்கு ராகமும் தெரியாது. போய் உட்கார்ந்தா முறைப்பாங்களா?

யாரும் முறைக்க மாட்டார்கள். அவரவர் கேன்டீன் எப்போ திறக்கும் என்ற கவலையில் இருப்பார்கள். டிக்கெட் விலை எல்லாம் சாயந்திரம் பாடுகிற பெரிய பெயர்களுக்குத்தான். மதியம் பாடுகிற இளசுகளின் கச்சேரி பல சபாக்களில் இலவசம், சும்மா உள்ளே போய் உட்காரலாம். பல வருஷம் கழித்து சாயந்திரக் கச்சேரிக்கு வந்துவிட்ட ஆட்களை நான் மதியம் முப்பது பேர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், அந்த வயசில் அவர்கள் பாடினதில் ஒரு பயமும் வேகமும் இருந்தது, இப்போ அது இல்லை என்பது என் கட்சி. திருவொற்றியூர் தேரடியிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் மாறாமல் ஏஜி-டிஎம்எஸ் வரை போகலாம். அங்கிருந்து மியூசிக் அகாடமிக்கு ஆட்டோ பிடியுங்கள், தெம்பு இருந்தால் கதீட்ரல் ரோடு வழியாக நடந்தும் போகலாம்.

ராகம் தெரியாவிட்டால் என்ன, தாளம் தெரியும் இல்லையா? கச்சேரியில் நடுவில் மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும். பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போகிற நேரம் அது. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். சின்ன வயசிலிருந்து பறையும் பேண்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம்தான் விருந்து.

வியாசர்பாடி, கல்லூரித் தம்பி: வேர்ல்ட் மியூசிக்னு போடுறாங்களே, அப்படின்னா என்ன? நம்ம பாட்டு அதுல வருமா, வராதா?

தம்பி, அது பாட்டின் பெயர் இல்லை, கடை அலமாரியின் பெயர். 1987-ல் லண்டனில் சில ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஒரு பாரில் கூடிப் பேசினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா ரெக்கார்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை, அதனால் எல்லாத்துக்கும் சேர்த்து இந்த ஒரு பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான். அவனுக்கு நம்ம பாட்டு வேர்ல்ட், நமக்கு அவன் பாட்டு வேர்ல்ட். கிராமி விருதில்கூட 2020-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'குளோபல்' என்று மாற்றினார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த விருதை முதன்முதலில் 1992-ல் கொடுத்தது ஒரு தாள வாத்திய ஆல்பத்துக்கு. அதில் வாசித்தவர்களில் தபலா ஜாகிர் உசேனும் நம்ம கடம் விக்கு விநாயக்ராமும் உண்டு. மண்பானை, தம்பி. அதை வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றினார். நம்ம பாட்டு வருமா என்று கேட்டாய் இல்லையா, அதுக்காகச் சொன்னேன்.

மணலி, பெயர் சொல்ல விரும்பாத அக்கா: கர்நாடக சங்கீதமெல்லாம் மயிலாப்பூர்க்காரங்களோடது. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா எங்களை அங்க இழுக்காதீங்க.

அக்கா, மணலியில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! சங்கீத மும்மூர்த்திகளில் ஒருத்தரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் 1700-களின் கடைசியில் வந்து தங்கினது உங்கள் மணலியில்தான். அப்பா ராமசுவாமி தீட்சிதரை அங்கே அழைத்து வந்து ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் துபாஷி வேலை, அதாவது மொழிபெயர்ப்பும் தரகும் பார்த்தவர். முதலியாரின் மகன் காலத்தில் தீட்சிதர் வீட்டுப் பையன்களைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக்காரன் பேண்டைக் கேட்க வைத்திருக்கிறார்கள். அந்த மெட்டுக்களைக் கேட்டுவிட்டு தீட்சிதர் அதுக்கு சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டார். நொட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்த வட்டாரத்தில்தான் வயலின் கற்றுக்கொண்டார். இன்றைக்கு எந்த சபா மேடையிலும் வயலின் இல்லாமல் கச்சேரி கிடையாது, அது உள்ளே வந்த வாசல்களில் ஒன்று மணலி.

பக்கத்தில் திருவொற்றியூரையும் விடாதீர்கள். மும்மூர்த்திகளில் இன்னொருத்தரான தியாகராஜர் தன் சிஷ்யர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்து, வடிவுடையம்மன் மேல் 5 கீர்த்தனை பாடிவிட்டுப் போயிருக்கிறார். தேரடி மெட்ரோவில் தினம் இறங்கி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நாற்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது, அதுவும் ஒரு மதியக் கச்சேரியில் பாடின பெண் சொல்லித்தான். ஜார்ஜ் டவுனில் கோகலே ஹால், சௌந்தர்ய மகால் என்று கச்சேரி நடந்த காலமும் உண்டு. அப்புறம்தான் எல்லாம் தெற்கே நகர்ந்தது.

நீங்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. யார் மேடையில், யார் கீழே என்பதில் இன்னும் கணக்கு இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதுக்காக காதை எதுக்கு மூட வேண்டும்?

புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டும் தம்பி: அண்ணே, கானாவ மேடையில கேட்கணும்னா எங்க போறது? யூடியூப்ல வர்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

இதுக்குத்தான் காத்திருந்தேன். கானா மேடைக்குப் பிறந்தது இல்லை. செத்தவரை நடுவில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல், அவர் எப்படி வாழ்ந்தார், யாரோடு சண்டை போட்டார், கடைசியில் என்ன ஆசைப்பட்டார் என்று கட்டிப் பாடுவது. தீப்பெட்டி, டேப்பு, டோலக், வசதி இருந்தால் புல்புல்தாரா என்ற நரம்பு வாத்தியம். என் கடையிலிருந்து மைக் போன வீடுகளில் இரவு இரண்டு மணிக்குப் பாடினதை எந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை. ஒயர் சுருட்டப் போன நானே உட்கார்ந்து அழுதிருக்கிறேன், இறந்தவர் யாரென்றே தெரியாது. சினிமாவில் வருவது அதில் ஒரு துண்டு, குஷியான துண்டு.

மேடை என்றால் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கின 'மார்கழியில் மக்களிசை'யைக் கண் வைத்துக்கொள். கானா, பறை, ஒப்பாரி எல்லாத்துக்கும் சபா சீசன் மாதிரியே மார்கழியில் இடம் வேண்டும் என்று ஆரம்பித்தது. இடம் வருஷத்துக்கு வருஷம் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள். அதே நீலமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் கச்சேரி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். அதில் பாடின இசைவாணியை 2020-ல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆம்பளைங்க மட்டும் பாடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பொண்ணு வந்து நின்றதை நேரில் பார்க்க வேண்டும், அது வேற.

ராயபுரம், பள்ளி ஆசிரியை: பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஏதாவது இருக்கா சார்? இலவசமா இருந்தா நல்லது.

சென்னை சங்கமம். 2007-ல் ஆரம்பித்து, இடையில் நின்று, 2023-ல் திரும்ப வந்தது. பொங்கல் நாட்களில் பூங்காவிலும் மைதானத்திலும் கரகம், தப்பாட்டம், தேவராட்டம், நையாண்டி மேளம் என்று நடக்கும், காசு கிடையாது. உங்கள் ராபின்சன் பூங்காவிலேயே நடந்திருக்கிறது. பிள்ளைகளை மேளத்துக்கு நேர் முன்னால் உட்கார வைக்காதீர்கள், டீச்சர். காது விஷயம், கீழே சொல்கிறேன்.

எருக்கஞ்சேரி, ஐடியில் வேலை பார்க்கும் பொண்ணு: கவ்வாலி, ராஜஸ்தான் பாட்டு, ஆப்பிரிக்கா குரூப் எல்லாம் வர்றாங்க. பாஷை புரியாம எப்படி அங்கிள் ரெண்டு மணி நேரம் உட்கார்றது?

கவ்வாலி முஸ்லிம் பக்திப் பாட்டு, அதில் ஒரு வரியைப் பத்துத் தடவை பாடுவார்கள், தலைவர் எடுப்பார், மற்றவர் திருப்பிப் பாடுவார்கள், கைதட்டு ஏறும், வேகம் ஏறும். அர்த்தம் தெரியாமலே நாலாவது தடவை உன் வாய் முணுமுணுக்கும். நாகூர் ஹனிபா பாட்டு கேட்டு வளர்ந்த தெருவில் இருப்பவளுக்கு இது என்ன புதுசா. ராஜஸ்தானின் மங்கணியார்கள் முஸ்லிம்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்து வீடுகளின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள். கமாயிச்சா என்ற அவர்கள் வில் வாத்தியம் அழுகிற குரலில் இருக்கும். கர்தால் என்பது வெறும் இரண்டு ஜோடி மரத்துண்டு, அதில் அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் தீப்பெட்டியில் தாளம் போடுகிற நம்ம பையன்கள் ஞாபகம் வரும்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 21 நரம்பு உள்ள கோரா என்ற வாத்தியத்தோடு வருகிறவர்கள் இருந்தால் விடாதே. அவர்களில் பலர் பரம்பரைப் பாணர்கள், ஒரு குடும்பத்தின் முன்னோர் கதையை மனப்பாடமாக வைத்துப் பாடுவது அவர்கள் தொழில். மேலே புளியந்தோப்புத் தம்பிக்குச் சொன்ன மரண கானாவை இதோடு வைத்துப் பார், இரண்டும் சொந்தக்காரர்கள் மாதிரி தெரியும்.

இந்த மாதிரிக் குழுக்களைப் பெரும்பாலும் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், மேக்ஸ் முல்லர் பவன், எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற இடங்களில் பார்க்கலாம். பல சமயம் இலவசம், ஆனால் முன்பதிவு கேட்பார்கள். ஜூன் 21 உலக இசை நாள், பிரான்சில் 1982-ல் தொடங்கினது, அலியான்ஸில் அதையொட்டி உள்ளூர்ப் பசங்கள் பேண்டு வாசிப்பார்கள். பாதி சுமார்தான். மீதிப் பாதிக்காகப் போகலாம்.

சௌகார்பேட்டை, கடை வைத்திருப்பவர்: நவராத்திரி தாண்டியா பத்தி எழுதவே இல்லையே பாய்?

அண்ணே, நவராத்திரி முடிந்துபோச்சு, அடுத்த வருஷம் நீங்கதான் பாஸ் வாங்கித் தர வேண்டும்.

திருவொற்றியூர், கார் ஓட்டுநர்: நந்தனம் ஒய்எம்சிஏல பெரிய பெரிய ஷோ வைக்கிறாங்க. நாலாயிரம் ரூபா டிக்கெட் வாங்கி மேடைக்கு முன்னால நிக்கலாமா, பின்னால விலை கம்மி எடுக்கலாமா?

தொழில் ரகசியம் சொல்கிறேன். மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே கூடாரம் போட்டு ஒருத்தர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் சத்தத்தைச் சரி செய்கிறார். அவர் பக்கத்தில் நின்றால் உங்களுக்கும் அதே சத்தம். மேடைக்கு முன்னால் நின்றால் பேஸ் ஸ்பீக்கர் நெஞ்சில் இடிக்கும், பாடகர் குரல் தலைக்கு மேலே போய்விடும். முகம் பார்க்க வேண்டும் என்றால் முன்னால், பாட்டு கேட்க வேண்டும் என்றால் மிக்சர் பக்கம். 100 டெசிபலில் 15 நிமிஷத்துக்கு மேல் காதுக்கு ஆகாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதாரக் கணக்கு. மேடை ஓரத்தில் அதுக்கு மேலேயே இருக்கும். மெடிக்கலில் காது அடைப்பான் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். எனக்கு இடது காதில் இருபது வருஷமாக ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, இது அனுபவித்தவன் சொல்வது.

திறந்தவெளி ஒலிபெருக்கிக்குப் பொதுவாக ராத்திரி 10 மணிதான் கெடு, அதனால் மெட்ரோ கிடைக்கும். கார் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு பெரிய ஷோவுக்கு மச்சான் காரில் போய், உள்ளே நுழைவதற்குள் பாதி பாட்டு முடிந்து, டிக்கெட் கையில் இருந்தும் கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டு, ரோட்டோரத்தில் இளநீர் குடித்துவிட்டு வந்தேன். யார் நடத்தினது என்று சொல்ல மாட்டேன். பணம் திரும்ப வந்தது, ஆறு வாரம் கழித்து.

சிங்கப்பூரிலிருந்து, ஷிப்யார்டில் வேலை செய்யும் காசிமேட்டுத் தம்பி: ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. காசு செலவு பண்ணாம இங்க ஏதாவது பார்க்க முடியுமா அண்ணே?

உனக்கு ஊரில் இருக்கிறவனைவிட வசதி. டுரியான் பழம் மாதிரி இருக்கிற எஸ்பிளனேட் கட்டடம் 2002-ல் திறந்தது. உள்ளே அரங்குக்கு டிக்கெட், ஆனால் தண்ணீர் ஓரத்து வெளி மேடையிலும் முன்கூடத்திலும் இலவச நிகழ்ச்சிகள் அடிக்கடி நடக்கும். நவம்பர் வாக்கில் கலா உத்சவம் என்று இந்தியக் கலை விழா, மலாய்க்காரர்களுக்குப் பெஸ்தா ராயா, சீனப் புத்தாண்டுக்கு ஹுவாயி. ஒரே கட்டடத்தில் ஒரு வருஷத்துக்குள் மூன்றையும் பார்த்துவிடலாம். தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் போகாதே, கொம்பாங் என்ற மேளத்தோடு மலாய்க் கோஷ்டி வாசித்தால் நின்று கேள். போட்டோ அனுப்பு.

கொருக்குப்பேட்டை, ஒரு அம்மா: தம்பி, எல்லாம் சரி. தனியா போக எனக்குக் கூச்சமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் வர மாட்டேங்கிறார்.

அம்மா, மார்கழி முதல் சனிக்கிழமை நானும் என் வீட்டம்மாவும் மதியக் கச்சேரிக்குப் போகிறோம். திருவொற்றியூர் தேரடி மெட்ரோ வாசலில் 11 மணிக்கு நிற்போம், நீங்கள் தண்டையார்பேட்டையில் ஏறினாலும் சரி, முதல் பெட்டியில் இருப்போம். ஸ்வெட்டரோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏசி எலும்பைக் குடையும். டிபன் கட்ட வேண்டாம். 11.10 வரை பார்ப்போம், அதுக்கு மேல் நிற்க மாட்டோம்.