தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். தினமும் ஆபீஸ் போய் வருவதும் அதில்தான், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்க விடும் நாள்) நடந்தால் ஓட்டுவதும் அதையேதான். போன முறை நாலு லேப்புக்கு மேல் பிரேக் பிடிக்கவே இல்லை. காரோடு வந்த கம்பெனி பேட்தான் இருக்கிறது. நண்பர்கள் ரேஸ் பேட் போடச் சொல்கிறார்கள். எதைப் போடலாம் சார்?
– வாசகர், போரூர்

பதில்: பேட் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்கிறீர்களே, அப்போது பெடல் எப்படி இருந்தது? வழக்கம்போல இறுக்கமாகவே இருந்து, எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்க மறுத்ததா, இல்லை பெடலே தொளதொளவென்று தரை வரைக்கும் இறங்கியதா? இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவது, பேட் சூடு தாங்காமல் கைவிட்டது. இரண்டாவதில் பேட் மேல் குற்றமே இல்லை, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும், உங்கள் கால் பலமெல்லாம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்கு ஒன்றும் போய்ச் சேராது. இந்த நிலையில் உலகத்திலேயே விலை உயர்ந்த ரேஸ் பேடைப் போட்டாலும் அடுத்த முறையும் இதே கதைதான்.

அதனால் முதல் செலவு ஆயிலுக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஆயிலில் இது புதிதில் 312, ஈரம் ஏறிய பிறகு 205. டிராக்குக்குப் போகிறவர் வருடம் ஒருமுறையாவது பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து மாற்றிவிடுங்கள். பெரிய நம்பர் நல்லது என்று நினைத்து டாட் 5 மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், உங்கள் காரில் இருப்பதோடு சேராது. டாட் 5.1 என்றால் பிரச்சினை இல்லை.

சரி, பேடுக்கு வருவோம். கம்பெனி பேட் மட்டமான பேட் இல்லை, அதற்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஊருக்குள் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 167 கிலோஜூல். டிராக்கில் நேர்ப்பாதை முடிவில் 150லிருந்து 70க்கு இறக்கினால் 815. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, அதுவும் காரை நிறுத்தாமலே! அது ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். பேடைப் பிணைத்திருக்கும் ரெசின் என்ற பசை ஒரு கட்டத்துக்கு மேல் வாயு கக்க ஆரம்பிக்கும், உராய்வு சடாரென்று விழும். சந்தேகமாக இருந்தால் முன் சக்கரத்தைக் கழற்றி பேடின் ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் அந்த பேடின் ஆயுள் முடிந்தது, மீதி எத்தனை மில்லிமீட்டர் இருந்தாலும் சரி. பக்கத்திலேயே காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்போது ரேஸ் பேட்தானே பதில் என்றால், உங்களுக்கு இல்லை. நீங்கள் காரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகிறவர் இல்லை, ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர். நவம்பர் மாத மழையில், ராத்திரி எட்டு மணிக்கு, பெங்களூரு நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாக பிரேக்கையே தொடாமல் வந்துகொண்டிருக்கிறீர்கள், பூந்தமல்லி பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிறது. முழு ரேஸ் பேட் என்றால் சூடேறினால்தான் கடிக்கும். அந்த முதல் மிதியில் அது கம்பெனி பேடைவிட மோசம். இரண்டு உபயோகத்துக்கும் ஒரே பேட் என்றால் அதைச் சூட்டில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குளிரில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிரில் நன்றாகப் பிடிக்கும் பேட்களில் எது அதிகச் சூடு தாங்குமோ அது உங்களுடையது. ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் எல்லாம் இந்த நடு ரகத்துக்காக விற்பவை. கொஞ்சம் கீச்சிடும், அலாய் வீல் கறுத்துப் போகும், அதைச் சகித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய பேடையே எடுத்துப்போய் அதன் முதுகில் இருக்கும் தகட்டின் வடிவத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

பின் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக், அதைத் தொட வேண்டாம். முன் பேடை மாற்றியதும் ஆள் இல்லாத சாலையில் 80லிருந்து 20க்கு, நிறுத்தாமல், அழுத்தமாக எட்டுப் பத்து முறை இறக்கி, அப்புறம் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் ஒரு மெல்லிய படலம் டிஸ்கில் சீராக ஒட்டுவது அப்போதுதான். டிராக்கில் கடைசி லேப்பை மெதுவாக ஓட்டுங்கள், உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பிரித்து ‘லிமிட்டேஷன் ஆஸ் டு யூஸ்’ என்ற பத்தியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் கிடையாது என்று அதில் இருக்கும். டிராக்கில் சுவரில் முட்டினால் செலவு உங்கள் தலையில்தான்.

கேள்வி: டிராக்குக்குப் போய் வந்ததிலிருந்து பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: உண்மையிலேயே வளைந்த டிஸ்க் அபூர்வம். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், சூடான பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத் திட்டாக அப்பிவிடும். அந்த இடம் வரும்போதெல்லாம் பிடி கூடும், ஸ்டீயரிங் ஆடும். செட்டிப்பாளையம் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ டிராக்கிலிருந்து வெளியே வந்து, கொதிக்கும் பிரேக்கை மிதித்தபடியே சிக்னலில் நின்றிருந்தால் அதுவே போதும். முதலில் மேலே சொன்னபடி 80லிருந்து 20க்கு இறக்கும் வேலையைச் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே குறைந்துவிடும். குறையாவிட்டால் லேத்தில் லேசாகத் தேய்க்கலாம், ஆனால் டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான். அந்த அளவுக்குக் கீழே போகும் என்றால் மெக்கானிக் சொல்வதுதான் சரி, வேறு காரணத்துக்காக.

கேள்வி: பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்து இருக்கிறதே, ஜிஜிதான் டிராக்குக்கா?
– வாசகர், மதுரை

பதில்: முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வு எண் 0.35க்கு மேல் 0.45 வரை, ஜி என்றால் 0.45க்கு மேல் 0.55 வரை. ஆனால் இந்த எழுத்தைத் தரும் சோதனையில் ‘அதிகச் சூடு’ என்பதே சுமார் 343 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. டிராக்கில் அதைத் தாண்டிய பிறகு என்ன ஆகும் என்று அந்த எழுத்து எதுவும் சொல்லாது. சூடு ஏற ஏற உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டும், தயாரிப்பாளர் தரும் வெப்ப வரைபடத்தைக் கேளுங்கள், அது இல்லாத பேட் டிராக்குக்கு வேண்டாம்.