டவுன்ஸ்வில்லில் மகனை ஃபுட்டிக்கு அனுப்பலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மகன் ஏழாம் வகுப்பு. ஊரில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன், ஆஸ்திரேலியாவில் இந்த டவுன்ஸ்வில் வந்த கையோடு ஃபுட்டிதான், அதாவது ரக்பி லீக்தான் ஆடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சுவரில் டவுமலோலோ படம் வேறு ஒட்டியிருக்கிறான். கூட ஆடப்போகிற டோங்கா, சமோவா என்ற பசிபிக் தீவுகளின் பையன்களின் உடம்பைப் பார்த்து உங்கள் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. சேர்க்கலாமா, யார் அந்த டவுமலோலோ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்த்துவிடுங்கள். மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிட்னியில் தடுக்கி விழுந்தால் ஒரு டீம். நமக்கு நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் ஒன்றுதான். 1995இல் லீக்குக்குள் வந்த கிளப், இருபது வருஷம் கோப்பையைக் கண்ணால் பார்க்கவில்லை. 2015 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் பிராங்கோஸை 17-16 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளியை உதைத்து எடுத்தவர் ஜொனாதன் தர்ஸ்டன். இந்த ஊரில் பல் டாக்டரிடம் போனாலும் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒருவர் இருப்பார். பொறுமையாகக் கேளுங்கள், சிநேகம் தானாக வரும்.

அந்த டீமில் இருந்தவர்தான் ஜேசன் டவுமலோலோ. அப்போது வயது 22. டோங்கா வம்சாவளிக் குடும்பம், 1993இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு டவுன்ஸ்வில் வந்தார். அதாவது கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதில், உங்கள் மகனைப் போலவே புதுப் பையனாக. கிர்வான் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தார். நீங்கள் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கும் அதே பக்கம். 2010இல், 17 வயதில், கௌபாய்ஸ் சீனியர் அணியில் இறங்கினார். அந்த கிளப்பில் அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் ஆடியதில்லை.

ஆட்டம் புரியவில்லை என்றீர்களே, கபடி தெரிந்தவனுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பந்தோடு ஓடுகிறவனை எதிராளிகள் கூடி மடக்கிக் கீழே சாய்க்க வேண்டும். சாய்ந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஒரு பக்கம் 13 பேர், மொத்தம் 80 நிமிஷம். டவுமலோலோ 13ஆம் எண், 'லாக்' என்பார்கள். கூட்டத்துக்கு நடுவே முட்டிக்கொண்டு போகிற வேலை.

அவர் ஓடுவதைக் கிர்வானில் இருந்த பழைய மைதானத்தில், புல் மேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரணி பந்தை உதைத்து அனுப்பும். பின்னாலிருந்து வேகமெடுத்து வந்து வாங்குவார். முதல் ஆள் தோளில் மோதித் தெறிப்பான். இரண்டாமவன் இடுப்பைக் கட்டுவான், மூன்றாமவன் காலைத் தேடுவான். மூன்று பேரும் தொங்கிக்கொண்டிருக்க, அவர் முழங்கால் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். இன்னும் நாலைந்து மீட்டர் நகர்ந்த பிறகுதான் விழுவார். நல்ல நாட்களில் ஒரே ஆட்டத்தில் பந்தோடு மொத்தம் 200 மீட்டருக்கு மேல் போவது அவருக்குச் சாதாரணம்.

2016இல் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கத்தை கூப்பர் க்ரோங்கோடு பகிர்ந்துகொண்டார். அடுத்த வருஷமே கௌபாய்ஸ் அவரைப் பத்து வருஷ ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது, 2027 வரை. தொகை சுமார் ஒரு கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த 2017இல்தான் தர்ஸ்டன் காயத்தில் வெளியே உட்கார, எட்டாவது இடத்தில் இருந்த டீம் இறுதிப் போட்டி வரை போனது. பெரும்பாலும் இவர் முதுகில் ஏறித்தான். இறுதியில் மெல்போர்னிடம் 34-6 என்று அடி வாங்கினார்கள், அதை விடுங்கள்.

தம்பி, எனக்கு அவரைப் பிடித்துப்போனது பணத்தாலும் பதக்கத்தாலும் இல்லை. அதே வருஷக் கடைசியில் உலகக் கோப்பை. அதுவரை நியூசிலாந்துக்கு ஆடிவந்தவர், ஜெர்சியை மாற்றி டோங்காவுக்கு ஆடப்போகிறேன் என்றார். ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலியாவை விட்டு வந்தார். இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். பெரிய நாட்டுக்கு ஆடினால் கிடைக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் டோங்கா கொடுப்பது கைச்செலவுக் காசு. நியூசிலாந்தில் விசுவாசம் அது இது என்று கத்தினார்கள். ஹாமில்டனில் இரண்டு அணிகளும் மோதின. இடைவேளையில் நியூசிலாந்து 16-2. முடிவில் டோங்கா 28-22. ஆக்லாந்தின் ஓட்டஹூஹூவில் தெரு முழுக்க டோங்காவின் சிவப்புக் கொடி, காருக்கு மேலே ஆட்கள். அரையிறுதியில் இங்கிலாந்திடம் 20-0 என்று கிடந்தவர்கள், கடைசிச் சில நிமிஷங்களில் மூன்று முறை எதிரணியின் எல்லைக்கோடு தாண்டிப் புள்ளி எடுத்து 20-18இல் தோற்றார்கள். 2019இல் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று சாய்த்தார்கள். மொத்த ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம் உள்ள தீவு நாடு!

இத்தனைக்கும் அவர் டவுன்ஸ்வில்லை விட்டுப் போகவில்லை. டோங்காவுக்கு ஆடினதால் இந்த ஊரில் யாரும் அவரை அந்நியமாகப் பார்க்கவும் இல்லை. 'பையன் ஃபுட்டி, பார்பிக்யூ என்று போனால் நம் ஆள் இல்லாமல் ஆகிவிடுவானோ' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டோங்காப் பையன்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வழக்கப்படி இடுப்பில் பின்னிய பாய் கட்டிக்கொண்டு குடும்பமாகச் சர்ச்சுக்குப் போவார்கள். பெரியவர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கும். மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்புவது போக மிச்சத்தில்தான் வாழ்க்கை, நாம் செய்வதேதான். டோங்கா நாடே பாதி அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது என்று சொன்னாலும் பெரிய மிகையில்லை. களத்தில் மோதிக் கீழே தள்ளுகிற பையன்தான் முதலில் கை கொடுத்துத் தூக்கிவிடுவான்.

பிழைப்பா என்றால், இல்லை. ஜூனியரில் ஆடுகிறவர்களில் மிகச் சிலருக்கே ஒப்பந்தம் கிடைக்கும். கிடைத்தவர்களிலும் முழங்காலோ தோளோ போய் சீக்கிரமே வெளியே வருகிறவர்கள் நிறைய. டவுமலோலோவுக்கே 2021இல் கை உடைந்தது, புதுப் பயிற்சியாளர் ஆடும் நேரத்தையும் குறைத்தார். அதனால் படிப்பில் கை வைக்க விடாதீர்கள்.

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு, அது தலைக்காயம். மோதலுக்குப் பிறகு பையன் மந்தமாகவோ தலைசுற்றலோடோ இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி போட்டியில் இறங்கக் குறைந்தது 21 நாள் ஆகணும், அதில் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கணும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். பையன் 'ஒன்றும் இல்லைப்பா' என்பான், நம்பாதீர்கள். சேரும் முன் கோச்சிடம் இதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வழவழா என்றிருந்தால் வேறு கிளப் பாருங்கள். பல் காப்பு மட்டும் பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்துவிடுங்கள், கடையில் வாங்குவது வாயில் நிற்காது.

முதல் ஆட்டத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் மனைவியும் வருவாள். மடக்கு நாற்காலி கொண்டுவாருங்கள், மைதானத்தில் நிழல் கிடையாது. டீக்கு நான் பொறுப்பு.