ராயபுரத்தில் ஏசி அறைக்கு ஹியூமிடிஃபையர் தேவையா, எங்கே வைப்பது?

இரவெல்லாம் ஏசி ஓடி, காலையில் தொண்டை வறள்கிறது என்பதற்காக, அறைக் காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹியூமிடிஃபையரை உடனே வாங்கிவிடாதீர்கள். முதலில் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கி, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில், தலைமாட்டு உயரத்தில் வையுங்கள். ஏசி ஓடத் தொடங்கி 3 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 40 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஹியூமிடிஃபையர் வேண்டாம். ராயபுரம் போன்ற கடலோரப் பகுதி வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். வறட்சிக்குக் காரணம் முகத்தில் நேராக அடிக்கும் காற்றோ மூக்கடைப்போ ஆகலாம். ஏசியின் துடுப்பை மேலே திருப்பி, 26 டிகிரியில் வைத்துப் பாருங்கள்.

உண்மையிலேயே 40-க்குக் கீழே இறங்கினால், ஈரப்பதம் வேண்டிய அளவை எட்டியதும் தானே நிறுத்தும் ஹியூமிடிஸ்டாட் உள்ள கருவியாக வாங்கி, 45 சதவீதத்தில் வையுங்கள். தரையிலிருந்து 3 அடி உயரத்தில், சுவரையும் மர பீரோவையும் விட்டுத் தள்ளி வையுங்கள். ஏசிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்: ஏசி அந்த ஈரத்தை இழுத்து, குளிர்ந்த காயிலில் நீராக்கி, வடிகுழாயில் வெளியேற்றிவிடும். மின்சாரமும் தண்ணீரும்தான் வீண்.

தண்ணீரை அதிர்வால் பனிபோல் தெளிக்கும் அல்ட்ராசோனிக் வகையில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது. அதிலுள்ள உப்பும் பனியோடு பறந்து, டிவி மேல் வெள்ளைப் பொடியாகப் படியும்; மூச்சிலும் போகும். டிஸ்டில்டு வாட்டர் நல்லது, இல்லையேல் ஆர்ஓ தண்ணீர். தொட்டியைத் தினமும் காலி செய்து காயவையுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாக ஊற்றி, 30 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஏசியை அணைத்ததும் இதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.