ஏழு ஐகானும் பச்சையாக இருந்தால் எதைப் பார்ப்பது?

தங்கச்சிமடத்தில் ஐஸ் பிளான்ட்டும் மீன் கொள்முதலும் சேர்த்து நடத்தும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "உபுண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் சார். மேல் பேனலில் குளிர் அறை வெப்பநிலை, யுபிஎஸ், இன்டர்நெட், பிரின்டர், எடை மெஷின், பேக்கப், அன்றைய பில் எண்ணிக்கை என்று ஏழு ஐகான் வைத்திருக்கிறேன். சரியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. ஆனால் கவுன்ட்டரில் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. சிமிட்ட வைக்கலாமா? ஐகானை அழுத்தினால் பில் திரை திறக்கும்படி செய்யலாமா?"

சிமிட்ட வேண்டாம். முதலில் ஆறு ஐகானை எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கமே பாம்பன். அங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். புயல் இல்லாத நாளில் அந்தக் கம்பத்தில் என்ன தொங்குகிறது? ஒன்றுமில்லை. 'எல்லாம் நலம்' என்று தினமும் ஒரு பச்சைக் கூண்டை ஏற்றி வைத்திருந்தால், 3-ஆம் எண் ஏறும் நாளில் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? உங்கள் பேனலில் நடப்பது இதுதான். நாள் முழுக்க ஏழு பச்சைப் புள்ளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதில் ஒன்று சிவப்பாக மாறியது தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கூண்டுகள் நிறத்தை மட்டும் நம்பியவை அல்ல. பகலில் கூம்பும் உருளையுமாக வடிவத்தால் பேசும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளின் வரிசை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் அரிதல்ல. கவுன்ட்டரில் இருப்பவருக்கே அப்படி இருக்கலாம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் வடிவத்தை மாற்றுங்கள்: சாதாரண நிலைக்குப் பேனலின் மற்ற ஐகான்களைப் போலவே ஒற்றை நிறத்தில் ஒரு வெப்பமானி, கோளாறுக்கு ஆச்சரியக்குறியோடு ஒரு முக்கோணம். நிறம் அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். பல வருடங்களுக்கு முன் இந்தக் கரையோரம் ஒரு இறால் கம்பெனிக்கு இதே மாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். சென்சார் வயரை எலி கடித்துவிட்டது. என் நிரல் கடைசியாக வந்த அளவையே பிடித்துக்கொண்டு இரவு முழுக்கப் பச்சை காட்டியது. காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். துறைமுக எச்சரிக்கைப் பட்டியல் 10-ஆம் எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. 11 என்று ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய், மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதினால் ஏற்றுவது அது. தகவல் வரவில்லை என்பதே ஒரு தகவல் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். உங்கள் நிரலிலும் சென்சாரிலிருந்து ஐந்து நிமிடம் எதுவும் வராவிட்டால் பழைய எண்ணை அழித்துவிட்டு, கேள்விக்குறி ஐகானுக்கு மாற்றுங்கள். பழைய எண்ணை மங்கலாகக் காட்டுவது போதாது. யாரும் மங்கலைக் கவனிக்க மாட்டார்கள்.

சரி, எந்த ஆறை எடுப்பது? இன்டர்நெட்டை உபுண்டுவே காட்டுகிறது. யுபிஎஸ் யுஎஸ்பி வயரில் இணைந்திருந்தால் அதன் பேட்டரி அளவையும் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும். பிரின்டரும் எடை மெஷினும் பில் போடும் நேரத்தில் மட்டும் வேண்டியவை, ஆகவே அவற்றின் நிலை பில் திரையில், எடைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தெரியட்டும். பேக்கப் தவறினால் மட்டும் சொன்னால் போதும். பில் எண்ணிக்கை ஒரு நிலையே அல்ல, அது கணக்கு. மிஞ்சுவது குளிர் அறை ஒன்றுதான். உறைந்த மீனுக்கு மைனஸ் 18 டிகிரி என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. அது ஏறும்போது ஒருவர் எழுந்து போய் ஏதாவது செய்தாக வேண்டும். எழுந்து போக வைக்காத எதற்கும் பேனலில் இடம் தர வேண்டாம் என்பது என் கட்சி.

நிரல் பக்கம் இரண்டு மூன்று விஷயம். உபுண்டுவின் திரையமைப்பான க்னோம் 2017-இல் 3.26 பதிப்போடு பழைய ட்ரேயை (நிரல்களின் ஐகான்கள் நிற்கும் இடம்) எடுத்துவிட்டது. உபுண்டு அதற்கான நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) தானே சேர்த்துத் தருகிறது. நாளை வேறு லினக்ஸுக்கு மாற்றினால் அதை நீங்கள் போட வேண்டியிருக்கலாம், இல்லையென்றால் ஐகான் வராது, பிழையும் சொல்லாது. பேனலில் ஐகான் காட்டும் ஆப்இண்டிகேட்டர் நூலகத்தில் பாஸிவ் (மறைந்திருப்பது), ஆக்டிவ் (சாதாரணம்), அட்டென்ஷன் (கவனம் தேவை) என்று மூன்று நிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சாதாரணத்துக்கும் கோளாறுக்கும் ஐகான் படத்தை நீங்களே மாற்றி மாற்றிப் போடாமல் அவற்றையே பயன்படுத்துங்கள், கேள்விக்குறிக்கு மட்டும் படத்தை மாற்றினால் போதும். மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கம் வரும் என்று நம்பாதீர்கள், அதில் அந்த வசதி கிடையாது. ஐகானுக்குப் பக்கத்தில் எழுத்து போடும் வசதி உண்டு, உபுண்டுவில் அது தெரியும். அங்கே டிகிரியை எண்ணாகவே காட்டுங்கள். 22 பிக்சலில் மீன் படம் வரைந்தால் புளியங்கொட்டை மாதிரிதான் இருக்கும். 'ஐ' என்ற எழுத்தைப் போட்டாலும் சுழியெல்லாம் அடைத்துப்போகும். நானே முயன்று பார்த்து விட்டதுதான்.

சிமிட்டலுக்குப் பதில், வெப்பநிலை எல்லை தாண்டியதும் 'கிரிட்டிக்கல்' தரத்தில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். யாராவது மூடும்வரை அது திரையில் நிற்கும். ஒலியை நம்பிப் பயனில்லை. கம்ப்ரசர் ஓடும் இடத்தில் எந்த பீப் சத்தம் கேட்கப் போகிறது?

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. நிலை காட்டும் ஐகானை அழுத்தினால் பில் திறக்கக் கூடாது. கூண்டைப் பார்க்கப் போனவரைப் படகில் ஏற்றி அனுப்புவது போல ஆகிவிடும். அழுத்தினால் ஒரு மெனு: இப்போதைய டிகிரி, கடைசியாக அளந்த நேரம், யாருக்குப் போன் செய்வது. அவ்வளவு போதும்.

பில்லுக்குத் தனி லாஞ்சர் (நிரலைத் திறக்கும் ஐகான்) வையுங்கள், இடப்பக்க ஐகான் பட்டையான டாக்கில், மேலே முதலாவதாக. ஈரக் கையோடு, பாலித்தீன் சுற்றிய மவுஸைத் தள்ளுகிறவருக்குத் திரையின் விளிம்புதான் வசதி, அதைத் தாண்டி அம்பு ஓடாது. பெரிதாகவும் பக்கத்திலும் இருக்கும் இலக்கைத் தொடுவது எளிது என்று 1954-இலேயே பால் ஃபிட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். அவர்கள் ஐகானைத் தேடுவதில்லை, கை தானாகப் போகிறது.

லாஞ்சருக்கான டெஸ்க்டாப் கோப்பில் பெயர் வரியைத் தமிழுக்கும் ஒன்று தனியாக எழுதலாம். 'மீன் பில்' என்று சிறிதாக இருக்கட்டும், கம்பெனியின் முழுப்பெயர் வேண்டாம். தேடுசொல் வரியில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் போடுங்கள். எந்த நிரலைத் திறப்பது என்று சொல்லும் எக்ஸெக் வரியில் நிரலின் முழுப் பாதையை எழுதுங்கள். வீட்டுக் கோப்புறைக்கான அலைக்குறி (~) அங்கே வேலை செய்யாது. டாக்கில் உங்கள் ஐகானுக்குக் கீழே பல்சக்கரம் மாதிரி இன்னொன்று முளைத்தால், சாளரத்தின் வகைப் பெயரும் கோப்பில் சொன்ன பெயரும் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்புறம், படகுகள் கரை சேரும் காலையில் பொறுமை இருக்காது, ஒரே ஐகானை நாலு தடவை அழுத்துவார்கள். ஏற்கெனவே திறந்திருந்தால் அதே சாளரம் முன்னால் வர வேண்டும், நாலு பில் திரை திறக்கக் கூடாது.

இதையெல்லாம் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில், அந்த 61 நாள் தடைக்காலத்தில் மாற்றிவிடுங்கள். அப்போது கவுன்ட்டர் சும்மா இருக்கும். மாற்றியபின் சென்சார் வயரை நீங்களே ஒருநாள் பிடுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்து, எத்தனை நிமிடத்தில் யார் கேட்கிறார் என்று பாருங்கள்.